பழைய ஏர் கம்ப்ரஸர் வாங்கப் போறீங்களா? முதல்ல டேங்கைப் பாருங்க!

செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கப் போனால் மெக்கானிக் நண்பர் ஒருவரைக் கூடவே கூட்டிக்கொண்டு போவோம். பழைய லேப்டாப் என்றால் பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்று நச்சரிப்போம். ஆனால் பழைய ஏர் கம்ப்ரஸர் வாங்குகிறவர்களில் பலர் செய்வது ஒன்றே ஒன்றுதான். ஸ்விட்சைப் போட்டுப் பார்ப்பது! மோட்டார் ஓடுகிறதா? ஓடுகிறது. காற்று வருகிறதா? வருகிறது. அவ்வளவுதான், பேரம் ஆரம்பம்.

கம்ப்ரஸர் விஷயத்தில் 'ஓடுகிறது' என்பது பாதி பதில்தான் நண்பர்களே. மீதிப் பாதி டேங்குக்குள் இருக்கிறது. அதை வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, விலையைக் கேட்டாலும் தெரியாது. வீட்டுக் கொட்டகையில் சின்னதாக ஒரு பட்டறை போட நினைக்கும் யாருக்கும் இந்தக் கட்டுரை பயன்படும். சி.எஃப்.எம்., பி.எஸ்.ஐ. என்று சில வார்த்தைகள் வரும். பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்புக் கணக்கு போதும் :)

வடக்குப்பட்டில் ஒரு கொட்டகை

ஒரகடத்தை ஒட்டி இருக்கிறது வடக்குப்பட்டு. சுற்றிலும் சிப்காட். ரெனால்ட்-நிசான் கார் ஆலை 2010ல் வந்தது, டெய்ம்லர் லாரி ஆலை 2012ல், ராயல் என்ஃபீல்ட் 2013ல். ஷிஃப்ட் பஸ்கள் ஓயாமல் ஓடும் ஊர்ப்பக்கம். இன்னொரு பெருமையும் வடக்குப்பட்டுக்கு உண்டு. 2022ல் மத்தியத் தொல்லியல் துறை இங்கே தோண்டியபோது கற்காலத்து மனிதர்கள் செய்த கல் கருவிகள் கிடைத்தன. கல்லைத் தட்டிப் பார்த்து, இது உதவும், இது உதவாது என்று ஒதுக்கிய கைகள் இந்த மண்ணில் இருந்திருக்கின்றன. பழைய கம்ப்ரஸர் வாங்குகிறவருக்கும் தேவைப்படுவது அந்தப் பொறுமைதான்.

இந்த ஊரில் ஒரு இளைஞர். ஐ.டி.ஐ. முடித்தவர், பக்கத்து ஆலை ஒன்றில் காண்ட்ராக்ட் வேலை. காண்ட்ராக்ட் என்றால் தெரியுமே, அடுத்த மாதம் வேலை இருக்குமா என்பது அடுத்த மாதம்தான் தெரியும். அதனால் வீட்டை ஒட்டிய ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பைக் வேலை பார்க்க ஆரம்பித்தார். ஸ்பேனர் செட் இருக்கிறது, கை இருக்கிறது. இல்லாதது காற்று. டயருக்குக் காற்றடிக்க, கார்பரேட்டர் துளையை ஊதிச் சுத்தம் செய்ய, பெட்ரோல் டேங்குக்குப் பெயின்ட் அடிக்க... எல்லாவற்றுக்கும் காற்று வேண்டும். கையில் சேர்த்து வைத்திருந்தது 16,000 ரூபாய்.

வேடிக்கை என்னவென்றால், ஆலையில் நாள் முழுக்க அவர் காற்றோடுதான் வேலை செய்கிறார். தலைக்கு மேலிருந்து ஹோஸ் தொங்கும், நுனியில் நட் முறுக்கும் கன் இருக்கும். ஆனால் அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது, எந்த டேங்கில் நிற்கிறது, அந்த டேங்கை யார் எப்போது சோதித்தார்கள் என்பதெல்லாம் அவர் பார்த்ததே இல்லை. அது வேறு கட்டடம், வேறு ஆட்கள். வீட்டுக் கொட்டகையில் அப்படி இல்லை. தொழிலாளியும் அவரே, முதலாளியும் அவரே, இன்ஸ்பெக்டரும் அவரே!

முதலில் தேவை, பிறகு மிஷின்

ஹெச்.பி. எவ்வளவு என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. கேட்க வேண்டியது, நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று தரும் என்பது. அதுதான் சி.எஃப்.எம். பி.எஸ்.ஐ. என்பது அழுத்தம். ஏறத்தாழ 14.5 பி.எஸ்.ஐ. சேர்ந்தால் ஒரு பார்.

பைக், கார் டயர்களுக்குப் பெரும்பாலும் 25 முதல் 40 பி.எஸ்.ஐ. போதும். லாரி டயருக்குத்தான் 100க்கு மேல் வேண்டும். எட்டு பார் வரை ஏறும் சாதாரண பிஸ்டன் கம்ப்ரஸரே இதற்கெல்லாம் தாராளம். அழுத்தம் யாருக்கும் பிரச்சினை ஆவதில்லை, அளவுதான் பிரச்சினை. டயருக்குக் கொஞ்ச நேரம் அடித்தால் முடிந்தது. ஸ்ப்ரே கன் அப்படி விடாது, அடிக்கிற நேரம் முழுக்கக் காற்றைக் கேட்டுக்கொண்டே இருக்கும். பைக் டேங்க், மட்கார்டு அளவுக்குச் சின்ன கன் என்றால் 5, 6 சி.எஃப்.எம்.மில் சமாளிக்கலாம். முழுக் காருக்குப் பெயின்ட் அடிக்கும் கன்களில் 10க்கு மேல் கேட்பவை உண்டு. அதை வீட்டுக் கொட்டகையில் ஆசைப்படக் கூடாது.

நல்ல நிலையில் இருக்கும் பிஸ்டன் கம்ப்ரஸர் ஒரு ஹெச்.பி.க்கு 3 முதல் 4 சி.எஃப்.எம். தரும். ஆக, நம் இளைஞருக்குத் தேவை 2 ஹெச்.பி. மிஷின். வீட்டு சிங்கிள் பேஸ் கரன்ட்டுக்கும் அதுதான் பொருத்தம். 2 ஹெச்.பி. என்பது 1.5 கிலோவாட். ஓடும்போது தொந்தரவு இல்லை, ஆனால் கிளம்பும் நொடியில் பல மடங்கு கரன்ட் இழுக்கும். சாயங்காலம் வோல்டேஜ் குறைந்த நேரத்தில் மோட்டார் உறுமிக்கொண்டே நிற்பது இதனால்தான். ஆலைகளிலிருந்து கழித்துப் போடும் பெரிய மிஷின்கள் மலிவாகக் கிடைக்கிறதே என்று போனால் அவை த்ரீ பேஸ் கேட்கும். இன்னொரு விஷயம், காசு வாங்கி வேலை செய்ய ஆரம்பித்தால் வீட்டு மீட்டரில் ஓட்டக் கூடாது. மின்வாரியத்தில் கடைக்கு வேறு கட்டணம்.

கடிகாரம் பொய் சொல்லாது

முதலில் பார்த்த மிஷின் வாலாஜாபாத் ரோட்டில் ஒரு பஞ்சர் கடையில். பளபளவென்று புதுப் பச்சைப் பெயின்ட். 160 லிட்டர் டேங்க். விலை 14,000.

"மூணு ஹெச்.பி. தம்பி. பன்னெண்டு சி.எஃப்.எம். அடிக்கும். சத்தத்தக் கேளு, எப்படி இருக்கு பாரு!"

சத்தம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விற்கிறவர் சொல்லும் சி.எஃப்.எம். பெரும்பாலும் பிஸ்டனின் கொள்ளளவை வைத்துப் போட்ட கணக்கு. உண்மையில் டேங்குக்குள் போய்ச் சேரும் காற்று அதைவிடக் குறைவு. ரிங் தேய்ந்திருந்தால் இன்னும் குறைவு. இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம், செல்போன் கடிகாரம் போதும்.

டேங்கை முழுக்கக் காலி செய்துவிட்டு மிஷினைப் போடுங்கள். பூஜ்யத்திலிருந்து 8 பார் ஏற எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். டேங்கின் லிட்டரை 8ஆல் பெருக்கி, 28.3ஆல் வகுத்து, அதை நிமிடத்தால் வகுத்தால் சி.எஃப்.எம். வந்துவிடும். (ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர்.)

பச்சை மிஷினுக்கு ஆனது ஒன்பது நிமிடம். 160ஐ 8ஆல் பெருக்கினால் 1,280. 28.3ஆல் வகுத்தால் 45. ஒன்பதால் வகுத்தால் 5! பன்னிரண்டு எங்கே, ஐந்து எங்கே?

தோராயக் கணக்குதான், ஆனால் பேரத்துக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. அதற்காக இந்தக் குறையோடு மிஷினை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ரிங் மாற்றலாம், வால்வ் பிளேட் மாற்றலாம், பெல்ட் மாற்றலாம். கோவையில் 1960ல் தொடங்கிய எல்ஜி போல, நம் ஊரில் பரவலாகப் புழங்கும் கம்பெனி மிஷின் என்றால் ஸ்பேர் தேடி அலையவும் வேண்டாம். மோட்டார் புகைந்தால் காயில் கட்டலாம். மாற்றவே கூடாத, ஒட்டுப் போடவே கூடாத பாகம் ஒன்றுதான். டேங்க்.

டேங்குக்குள் என்ன நடக்கிறது?

சென்னைப் பக்கத்துக் காற்றில் எவ்வளவு ஈரம் என்பது துணி காயப்போடும் எல்லோருக்கும் தெரியும். 30 டிகிரி வெயில், 75 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் 22 கிராமுக்கு மேல் தண்ணீர் ஆவியாக இருக்கும். அந்தக் காற்றை ஒன்பதில் ஒரு பங்காக அமுக்கினால் தண்ணீருக்கு இடம் ஏது? ஸ்பஞ்சைப் பிழிந்த மாதிரி கொட்டிவிடும். 5 சி.எஃப்.எம். மிஷின் ஒன்று ஒரு மணி நேரம் விடாமல் ஓடினால் ஏறக்குறைய முக்கால் டம்ளர் தண்ணீர் டேங்கின் அடியில் சேரும். இது தினமும் நடக்கும்.

அதை வெளியே விடத்தான் அடியில் டிரெயின் காக் வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் திறந்துவிட அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிடத்தைப் பத்து வருடம் யாரும் செய்யாவிட்டால்? தண்ணீர் நிற்கும் அடிப்பாகத்தில் உள்ளுக்குள்ளேயே துரு அரிக்கும். சில மில்லிமீட்டர் கனம் உள்ள தகடு அங்கங்கே காகிதம்போல் ஆகும். வெளியே பச்சைப் பெயின்ட் பளபளக்கும்.

நம் இளைஞர் குனிந்து டிரெயின் காக்கைத் தேடினார். காக் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிளக். அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு வெல்டிங் ஒட்டு.

"அண்ணே, இது என்னண்ணே?"

"அங்க லேசா கசிஞ்சுது தம்பி. தகடு வச்சுப் பத்த வச்சுட்டேன். இப்ப ஒரு சொட்டு லீக் கிடையாது. ரெண்டு வருஷமா ஓடுது."

"தண்ணி எப்படிண்ணே எடுக்கறீங்க?"

"தண்ணியா? காத்துல ஏது தம்பி தண்ணி?"

அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையாகவே தெரியாது. பயமே அதுதான். கசிந்த இடத்தில் தகடு ஒட்டினால் கசிவு நிற்கும். சுற்றியிருக்கும் மெலிந்த தகடு மெலிந்தபடியே இருக்கும், வெல்டிங் சூடு அதை இன்னும் கெடுக்கும்.

ஒரு லட்சம் ஜூல்

டேங்க் கிழிந்தால் என்ன, புஸ்ஸென்று காற்றுப் போகும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். கணக்குப் போட்டால் அப்படித் தோன்றாது. 100 லிட்டர் டேங்கில் 8 பார் அழுத்தத்தில் நிற்கும் காற்று ஒரேயடியாக விரிந்தால் வெளிவரும் ஆற்றல் ஏறத்தாழ ஒரு லட்சம் ஜூல். 1,000 கிலோ எடையுள்ள ஒரு காரை 10 மீட்டர் உயரத்துக்கு, அதாவது மூன்று மாடிக்குத் தூக்கும் ஆற்றல் அது! பஞ்சர் கடையில் டேங்க் வெடித்தது என்று அவ்வப்போது பேப்பரில் ஓரத்தில் வரும் செய்திக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். நம் இளைஞரின் கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டு அடுப்படி.

அழுத்தம் தாங்கும் பாத்திரங்களை மூன்றாவது மனிதர் ஒருவர் சோதிக்க வேண்டும் என்பது உலகம் உயிரைக் கொடுத்துக் கற்ற பாடம். 1863ல் கல்கத்தாவில் ஒரு நீராவி பாய்லர் வெடித்துப் பலர் இறந்தார்கள். அதன் பிறகுதான் 1864ல் வங்காளத்தில் பாய்லர் சோதனைச் சட்டம் வந்தது. 1905ல் அமெரிக்காவில் பிராக்டன் என்ற ஊரில் செருப்புத் தொழிற்சாலை பாய்லர் வெடித்து 58 பேர் இறந்தார்கள். அங்கே பாய்லர் விதிகள் எழுதப்பட இது ஒரு முக்கியக் காரணம். நம் நாட்டின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலும் 31ஆம் பிரிவு அழுத்த இயந்திரங்களுக்கென்றே எழுதப்பட்டது. ஆலைக்குள் இருக்கும் டேங்குக்கு இப்படிச் சட்டம் இருக்கிறது, ரிஜிஸ்டர் இருக்கிறது. அதே மாதிரி டேங்க் வீட்டுக் கொட்டகைக்கு வந்துவிட்டால் கேட்பாரில்லை. சட்டம் ஆலைகளுக்குத்தான், காற்றின் அழுத்தம் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

தேய்மானமும் துருவும்

காமர்ஸ் படிப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிற்கலாம். 40,000 ரூபாய்க்கு வாங்கிய இயந்திரத்துக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் குறைந்து செல் மதிப்பு முறையில் தேய்மானம் கழித்தால், பத்து ஆண்டு முடிவில் ஏட்டில் நிற்பது சுமார் 7,875 ரூபாய். கம்பெனிகள் சட்டம் 2013இன் இரண்டாம் அட்டவணை சாதாரண இயந்திரத்துக்கு 15 வருட ஆயுள் என்கிறது. ஏட்டில் எல்லா மிஷினும் ஒரே வேகத்தில் தேய்கிறது. தினமும் தண்ணீர் விட்ட டேங்கும், ஒருநாளும் விடாத டேங்கும் ஏட்டில் ஒரே 7,875 ரூபாய்தான்!

சந்தை விலையும் கிட்டத்தட்ட இப்படித்தான். பெயின்ட், ஹெச்.பி., சத்தம், கம்பெனி பெயர் எல்லாம் விலையில் சேரும். டேங்கின் அடித்தகடு எவ்வளவு கனம் மிச்சம் இருக்கிறது என்பது விலையில் சேராது, ஏனென்றால் விற்பவரும் பார்க்கவில்லை, வாங்குபவரும் பார்க்கவில்லை. எது உயிரைக் காக்குமோ அதற்குச் சந்தையில் விலையே இல்லை.

இரண்டாவது மிஷின் அம்பத்தூரில், மூடப்போகும் ஒரு சின்ன மரப்பட்டறையில். பார்க்கவே சகிக்கவில்லை. பெயின்ட் உரிந்து, மேலெல்லாம் வார்னிஷ் கொட்டி, மோட்டாரும் புகைந்து போயிருந்தது. 2 ஹெச்.பி., 100 லிட்டர். விலை 8,500. ஆனால் பெயர்த்தகடு அப்படியே இருந்தது. கம்பெனி, வருடம், வரிசை எண், வேலை அழுத்தம், சோதனை அழுத்தம் எல்லாம் படிக்க முடிந்தது. டிரெயின் காக் கையாலேயே திருகியது. அதிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர், பழுப்பு இல்லாமல் தெளிவாக. பக்கவாட்டு பிளக்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் லேசான துருப்பொடி மட்டும், குழி எதுவும் இல்லை. கால் பொருத்திய வெல்டிங்கிலும் விரிசல் இல்லை. பட்டறைக்காரர் சொன்னார்: "பாலிஷ்ல தண்ணி விழுந்தா கொப்புளம் வரும்பா. அதனால டெய்லி தண்ணிய விட்டுருவோம்."

மரத்துக்காகச் செய்த காரியம் டேங்கைக் காப்பாற்றியிருக்கிறது!

தண்ணீர் சோதனை

பேரம் முடியும் முன் ஒரு நிபந்தனை. ஹைட்ரோ டெஸ்ட் பாஸ் ஆனால்தான் பணம். டேங்க் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, காற்றே இல்லாமல் செய்து, கைப்பம்பால் வேலை அழுத்தத்துக்கு மேல், வழக்கமாக ஒன்றரை மடங்கு வரை ஏற்றி நிறுத்துவார்கள். கேஜ் இறங்கக் கூடாது, எங்கும் வியர்க்கக் கூடாது. எதற்குத் தண்ணீர்? தண்ணீர் அமுங்காது. அதனால் டேங்க் கிழிந்தாலும் கொஞ்சம் பீய்ச்சிவிட்டு நின்றுவிடும், காற்றைப்போல் வெடிக்காது. இதே சோதனையைக் காற்றை ஏற்றி யாரும் விளையாட்டுக்குக்கூடச் செய்துவிடாதீர்கள்.

டேங்க் பாஸ். மிஷின் 8,500. மோட்டார் காயில் 3,000. சேஃப்டி வால்வ், பிரஷர் ஸ்விட்ச், கேஜ் மூன்றும் புதிது, 1,800. பெல்ட்டும் ஆயிலும் 700. டெஸ்ட்டுக்கும் வண்டி வாடகைக்கும் 1,500. மொத்தம் 15,500. வாங்கிய விலை என்பது வேறு, அடக்க விலை என்பது வேறு என்று முதலாண்டு அக்கவுன்ட்ஸ் வகுப்பில் சொல்வது இதைத்தான். பளபளப்பான பச்சை மிஷினைவிட இந்த அசிங்கமான மிஷினுக்கு 1,500 ரூபாய் அதிகம் ஆனது.

வீட்டில் இறக்கியதும் அம்மா சொன்னது: "ஏம்பா, இவ்ளோ காசு குடுத்து இதையா தூக்கிட்டு வந்த? ஒரு கோட்டு பெயின்ட்டாவது அடிச்சுக் குடுத்திருக்கலாம் இல்ல?"

மோட்டார் வந்ததும் கடிகாரம் வைத்துப் பார்த்தார். நாலரை நிமிடம். கணக்குப் போட்டால் 6 சி.எஃப்.எம்.க்குக் கொஞ்சம் மேல். போதும்.

போகும் முன் மனதில் வைக்க:

1. பெயர்த்தகடு இல்லாத டேங்க், பெயின்ட் பூசி மறைத்த பெயர்த்தகடு என்றால் வேண்டாம்.
2. டேங்கில் வெல்டிங் ஒட்டு இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.
3. டிரெயின் காக்கைத் திறந்து பாருங்கள். தெளிந்த தண்ணீர் நல்லது. பழுப்பு என்றால் துரு. பால்போல் வெள்ளையாக ஆயில் கலந்து வந்தால் ரிங் வேலை இருக்கிறது.
4. கடிகாரம் வைத்து நிரப்புங்கள். சொன்ன சி.எஃப்.எம்.மை நம்ப வேண்டாம்.
5. நிரப்பி, மிஷினை நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். கேஜ் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது.
6. சேஃப்டி வால்வ், பிரஷர் ஸ்விட்ச் இரண்டையும் பழையதாக நம்பாதீர்கள், புதிது போடுங்கள். நிறுத்தும் அழுத்தத்தைக் கூட்டி வைக்காதீர்கள்.
7. ஹைட்ரோ டெஸ்ட் செய்யாமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.
8. காற்று ஹோஸை யார் உடம்பின் மேலும், விளையாட்டுக்குக்கூட, காட்டாதீர்கள்.

வாங்கிய பிறகு ஒரே ஒரு வேலைதான். தினமும் வேலை முடிந்ததும் டேங்க் தண்ணீரைத் திறந்துவிடுவது. அரை நிமிடம். எந்தக் கணக்கு ஏட்டிலும் ஏறாத அந்த அரை நிமிடம்தான், பத்து வருடம் கழித்து அதே மிஷினை வாங்க வரும் இன்னொரு இளைஞரின் வீட்டுச் சுவரையும் காப்பாற்றும்.

உங்கள் தெரு பஞ்சர் கடையில் நாளைக்கு டயருக்குக் காற்றடிக்கும்போது அந்த டேங்கின் அடியைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். காக் இருக்கிறதா, சொட்டுகிறதா என்று. இல்லையென்றால் கடைக்காரரிடம் பக்குவமாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவருக்கு யாரும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.